வெள்ளித் தடியும் வெண்ணெய் அளவுகோலும்

வெண்ணெயை கஜக் கணக்கில் விற்ற ஊர் கேம்பிரிட்ஜ். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கடைந்த வெண்ணெயைப் பிரம்பு போல நீளமாக உருட்டி, கஜம் கஜமாகச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். கல்லூரிச் சமையற்கட்டில் அதைத் துண்டு போட்டு மாணவர்களுக்குப் பங்கிடுவது சுலபம். ஆனால் வியாபாரி நீளத்தில் கை வைத்தாலும் பருமனில் கை வைத்தாலும் நஷ்டம் கல்லூரிக்கு. எனவே வெண்ணெயை அளந்து பார்க்க ஓர் இரும்புக் கருவி இருந்தது. அது நகரசபையிடம் இல்லை, வணிகர் சங்கத்திடமும் இல்லை. பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 'பிராக்டர்' என்ற அதிகாரி அதை வைத்திருந்தார்.

கருவி இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஒரு பிராக்டரின் பொறுப்பில் வெண்ணெய் அளவுகோலும் ஈட்டி போன்ற ஓர் ஆயுதமும். இன்னொரு பிராக்டரின் பொறுப்பில் பீரங்கிக்குத் திரி வைக்கும் நீண்ட தடி. பிராக்டர்கள் இருவரும் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். அக்டோபர் முதல் தேதி புதியவர்கள் பதவியேற்கிறார்கள். அவர்கள் முழுநேரத்தில் ரசாயனமோ சரித்திரமோ சொல்லித் தருபவர்கள். பீரங்கி சுட வேண்டிய அவசியம் அவர்களில் யாருக்கும் நீண்ட காலமாக நேரவில்லை.

அலிகாரிலோ வாரணாசியிலோ அலகாபாத்திலோ படித்தவர்களுக்கு பிராக்டர் என்ற சொல் புதிதல்ல. விடுதிச் சண்டை, ஊர்வலம், வளாகத்துக்குள் போலீஸ் நுழைவது என்று எதிலும் முதலில் அடிபடுகிற பெயர் அது. அந்தச் சொல்லின் வேர் இங்கிலாந்தின் இரண்டு பழைய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டை ஒப்பிட்டால் கேம்பிரிட்ஜ் சிறிய ஊர், நடந்தே பார்த்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் அதிகாரம் எந்தத் தெரு வரை போனது, எங்கே நின்றது என்பதையும் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

தொடங்க வேண்டிய இடம் செனட் ஹவுஸ். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து, 1722-ல் தொடங்கி 1730-ல் திறக்கப்பட்ட வெள்ளைக் கல் கட்டடம். சேப்பாக்கத்து செனட் ஹவுஸின் குமிழ்களையும் வண்ணங்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சற்று மொட்டையாகத் தெரியும். இதன் முன்னால் பட்டதாரி அங்கியுடன் சீனிவாச ராமானுஜன் மற்றவர்களோடு நிற்கும் புகைப்படம் தமிழர்கள் பலருக்கும் பரிச்சயமானது. 1916 மார்ச்சில் அவருக்கு இங்கே ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் கிடைத்தது.

பட்டமளிப்பு நாளில் இந்தப் புல்வெளி ஓரமாக ஓர் ஊர்வலம் வரும். துணைவேந்தருக்கு முன்னால் இரண்டு பேர் தோளில் கனமான வெள்ளித் தடிகளைச் சுமந்து நடப்பார்கள். இவர்கள் 'எஸ்கொயர் பீடில்'கள். தமிழில் இவர்களுக்குப் பொருத்தமான பெயர் ஏற்கெனவே இருக்கிறது: கட்டியக்காரர். அரசன் வருகிறான் என்று முன்னால் வந்து அறிவிப்பவர். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

வெள்ளித் தடிகளுக்கும் ஒரு கதை உண்டு. 1626-ல் வேந்தர் பதவிக்குத் தேர்தல் வந்தது. மன்னர் முதலாம் சார்லஸின் செல்லப்பிள்ளையான பக்கிங்ஹாம் பிரபு மீது நாடாளுமன்றம் குற்றச்சாட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அதே நேரத்தில் அவரை வேந்தராக்கும்படி அரண்மனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நெருக்கடி. சொற்ப வாக்குகளில் ஜெயித்தார். நன்றிக்கடனாக மூன்று வெள்ளித் தடிகளைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் கொலையுண்டார். தடிகள் நான்கு நூற்றாண்டுகளாக ஊர்வலம் போகின்றன. மூன்றாவது தடி 'யோமன் பீடில்' என்ற கீழ்நிலைக் கட்டியக்காரருக்கு உரியது. அந்தப் பதவி 1858-ல் ஒழிக்கப்பட்டது.

உள்ளே நடப்பது லத்தீன். பட்டம் பெறுபவர்கள் நான்கு நான்கு பேராக வருவார்கள். கல்லூரியின் சார்பில் அவர்களை அழைத்து வருபவர் தம் வலது கையை நீட்ட, ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொள்வார்கள். திருவிழாக் கூட்டத்தில் தகப்பனின் விரலைப் பிடித்த பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். கல்லூரியின் 'தந்தை' என்றே அவரைக் குறிப்பிடும் வழக்கமும் இருக்கிறது. பிறகு ஒவ்வொருவராகத் துணைவேந்தர் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவருடைய கைகளுக்குள் வைப்பார்கள். நிலப்பிரபுவிடம் குடியானவன் விசுவாசம் செலுத்திய முறையின் எச்சம் அது. பட்டத்துக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானங்களுக்கு 'பிளாசெட்' (சம்மதம்), 'நான் பிளாசெட்' (சம்மதமில்லை) என்பவைதான் விடைகள்.

இன்னும் சில பதவிகள் உண்டு. பதிவாளருக்கு இங்கே 'ரெஜிஸ்ட்ரரி' என்று பெயர்; உலகமெங்கும் ரெஜிஸ்ட்ரார் என்கிறார்களே என்று கேட்டால், 1506 முதல் இப்படித்தான் என்பார்கள். 'ஓரேட்டர்' என்று ஒருவர் கௌரவ டாக்டர் பட்டம் பெறுபவர்களைப் புகழ்ந்து லத்தீனில் பேசுவார். 1522-ல் உண்டான பதவி இது. கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் அதில் எட்டு ஆண்டுகள் இருந்தார். மெய்க்கீர்த்தி பாடுவதற்கு மாதச் சம்பளம் கொடுத்தால் கவிஞர்கள் வரத்தான் செய்வார்கள்.

கட்டியக்காரர் கேம்பிரிட்ஜின் கண்டுபிடிப்பு அல்ல. பொலோனா, பாரிஸ் என்று மத்திய கால ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் முளைத்த இடமெல்லாம் அவரும் இருந்தார். வகுப்புகளையும் விவாதங்களையும் அறிவிப்பது, கட்டணம் வசூலிப்பது, வழக்குக்கு ஆளை அழைத்து வருவது, தலைவருக்கு முன்னால் தடி ஏந்திப் போவது எல்லாம் அவர் வேலை. காலப்போக்கில் ஒவ்வொரு நாட்டிலும் அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு விதி. இத்தாலியில் 'பிதெல்லோ' என்றால் பள்ளிக்கூடப் பியூன். இங்கிலாந்தில் 'பீடில்' என்றதும் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் அநாதைச் சிறுவர்களை மிரட்டும் பம்பிள் நினைவுக்கு வருவார். நெதர்லாந்தில்தான் இன்றும் அவருக்குச் செல்வாக்கு. அங்கே முனைவர் பட்டத்துக்கான பொது விவாதம் நடக்கும்போது, குறித்த நேரம் முடிந்ததும் 'பெடெல்' தடியுடன் உள்ளே வந்து 'ஹோரா எஸ்ட்' என்பார். நேரமாயிற்று என்று அர்த்தம். பேராசிரியர் பாதிக் கேள்வியில் இருந்தாலும் விவாதம் அத்தோடு சரி. திணறிக்கொண்டிருக்கும் மாணவருக்கு அந்த இரண்டு சொற்களைவிட இனிமையான லத்தீன் கிடையாது.

கேம்பிரிட்ஜில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கு வேறு வகை. செனட் ஹவுஸுக்கு எதிரே தெருவைக் கடந்தால் கிரேட் செயின்ட் மேரி தேவாலயம். இளநிலை மாணவர்கள் எங்கே தங்கலாம் என்பதற்கு இதுதான் நடுப்புள்ளி: இங்கிருந்து மூன்று மைல் சுற்றளவுக்குள் குடியிருக்க வேண்டும். மத்திய காலத்தில் பல்கலைக்கழகத்தின் ஆவணப் பெட்டி இந்தத் தேவாலயத்துக்குள்தான் இருந்தது. 1381-ல் இங்கிலாந்து முழுவதும் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது கேம்பிரிட்ஜ்வாசிகள் முதலில் தேடி வந்தது அந்தப் பெட்டியைத்தான். உடைத்தார்கள். சாசனங்களைப் பின்புறத்துச் சந்தைச் சதுக்கத்துக்கு எடுத்துப்போய்க் கொளுத்தினார்கள். பல்கலைக்கழகக் கட்டியக்காரரின் வீடும் தப்பவில்லை. மார்ஜெரி ஸ்டார் என்ற மூதாட்டி சாம்பலை அள்ளிக் காற்றில் தூற்றி, படித்தவர்களின் வித்தை ஒழியட்டும் என்று கூவினாள் என்று சொல்வார்கள். படிப்பறிவில்லாதவளின் ஆவேசம் என்று வெகுகாலம் இது நகைப்புக்கு உள்ளானது. அந்தக் காகிதங்களில் இருந்தவை கவிதையோ தத்துவமோ அல்ல. ஊர் மீது பல்கலைக்கழகத்துக்கு இருந்த உரிமைகள். அவள் எதை எரிக்கிறோம் என்று தெரிந்துதான் எரித்தாள்.

கலகம் அடங்கியது. நகரத்தின் உரிமைகளை மன்னர் பறித்து, ரொட்டி, மது, பீர் ஆகியவற்றின் விலையையும் தரத்தையும் மேற்பார்க்கும் அதிகாரத்தையும் எடைக்கற்கள், முகத்தல் அளவைகள் ஆகியவற்றையும் பல்கலைக்கழகத்தின் கையில் கொடுத்தார். வெண்ணெய் அளவுகோலின் பின்னணி இதுதான்.

அதற்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, கேம்பிரிட்ஜ் மேயர் பல்கலைக்கழகத்தின் சலுகைகளைக் காப்பாற்றுவதாக ஆண்டுதோறும் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'கறுப்புச் சபை'. மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் உரிமம் தேவை. ஒரு கடைக்காரர் பகைத்துக்கொண்டால் மாணவர்கள் அவரிடம் வாங்கக் கூடாது என்று தடை போடலாம். ஊரில் பாதிப் பேர் மாணவர்களை நம்பிப் பிழைக்கும்போது இது அடுப்பை அணைப்பதற்குச் சமம். 1829-ல் ராபர்ட் டெய்லர், ரிச்சர்ட் கார்லைல் என்ற இரண்டு நாத்திகப் பிரசாரகர்கள் வந்து கிறிஸ்தவ மதம் பற்றி விவாதிக்கத் தயாரா என்று பல்கலைக்கழகத்துக்குச் சவால் விட்டார்கள். பிராக்டர்கள் விவாதத்துக்குப் போகவில்லை. அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரின் உரிமம் பறிபோனது. அப்போது இங்கே மாணவராக இருந்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின்.

அதிகாரத்துக்கு விருந்தும் உண்டு. ஊரின் கிழக்கு ஓரம், கேம் ஆற்றங்கரையில், செப்டம்பரில் கூடும் ஸ்டர்பிரிட்ஜ் சந்தை ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. நியூட்டன் தம் முப்பட்டகக் கண்ணாடியை இங்குதான் வாங்கினார் என்பது வழிவழிக் கதை. சந்தையைத் திறந்துவைக்கும் உரிமை ஊருக்கா பல்கலைக்கழகத்துக்கா என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை. துணைவேந்தரும் கட்டியக்காரர்களும் பிராக்டர்களும் ஊர்வலமாகப் போய்ப் பிரகடனம் வாசிப்பார்கள். பிறகு சாப்பாடு. ஹென்றி கன்னிங் என்ற எஸ்கொயர் பீடில் 1789-ல் பதவிக்கு வந்து 1854-ல் இறக்கும் வரை அதில் இருந்தவர். அவருடைய நினைவுக் குறிப்புகளில் இந்த விருந்தின் பட்டியல் வருகிறது: ஹெர்ரிங் மீன், பன்றி, வாத்து, மாட்டிறைச்சி, பிரம்மாண்டமான பிளம் புட்டிங், ஆப்பிள் பை. பல்கலைக்கழகச் சடங்குகளுக்கு நெறிநூல் பதிப்பித்தவரும் அவரே. ஆனால் படிக்கச் சுவையானது சாப்பாட்டுப் பகுதிதான். கடைசிச் சந்தை 1933-ல் நடந்தது. அந்த இடத்தில் இப்போது 12-ஆம் நூற்றாண்டுக் குஷ்டரோகிகள் தேவாலயம் ஒன்றுதான் பழசாக நிற்கிறது.

கேம்பிரிட்ஜ் பழைய மாணவர்களிடம் பிராக்டர் என்று சொன்னால் அவர்களுக்கு வெண்ணெயும் சந்தையும் நினைவுக்கு வராது. இரவு ரோந்துதான் வரும். இருட்டிய பிறகு மாணவர் வெளியே போனால் கறுப்பு அங்கி அணிந்தாக வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி அங்கியின் வெட்டு மாறும்; டிரினிட்டிக்காரர்களுக்கு நீலம். எனவே முதுகைப் பார்த்தே எந்தக் கல்லூரிச் சரக்கு என்று சொல்லிவிடலாம். வெள்ளைக் கழுத்துப்பட்டி கட்டிய பிராக்டர் இரண்டு ஆட்களுடன் தெருக்களைச் சுற்றுவார். உயரத் தொப்பி வைத்த அந்த ஆட்களுக்குப் பட்டப்பெயர் 'புல்டாக்'. ஓடத் தெரிந்தவர்களாகப் பார்த்து எடுப்பார்கள். அங்கியில்லாத மாணவன் சிக்கினால் பிராக்டர் தம் தொப்பியைத் தூக்கி மரியாதையாகக் கேட்பார்: "உங்கள் பெயரும் கல்லூரியும், ஐயா?" அபராதம் ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ், அதாவது மூன்றில் ஒரு பவுன். இந்த விதி 1960-களில்தான் தளர்ந்தது. கார்கள் வந்த பிறகு, எந்த மாணவர் வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கவே மோட்டார் வாகனங்களுக்கான தனி உதவி பிராக்டர் ஒருவர் இருந்தார்.

1958 ஜூனில் ஒரு காலை, செனட் ஹவுஸின் கூரை மேல் ஓர் ஆஸ்டின் செவன் வண்டி நின்றது. இன்ஜினீயரிங் மாணவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவைத்திருந்தார்கள். இறக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் துண்டு துண்டாக வெட்டித்தான் இறக்கினார்கள். செய்தவர்கள் யார் என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து 2008-ல்தான் வெளியே வந்தது. புல்டாக்குகளின் ஓட்டம் அவ்வளவுதான். 1970 பிப்ரவரியில் நடந்தது விளையாட்டல்ல. கிரேக்க ராணுவ ஆட்சியை எதிர்த்து கார்டன் ஹவுஸ் ஹோட்டல் முன் நடந்த ஆர்ப்பாட்டம் கலவரமானது. ஒரு பிராக்டர் மேல் செங்கல் விழுந்தது. பிராக்டர்கள் தங்களுக்கு அடையாளம் தெரிந்த மாணவர்களின் பெயர்களைப் போலீசாருக்குக் கொடுத்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். ஆசிரியர் ஒருவர் தம் மாணவரின் பெயரைப் போலீசிடம் சொல்லலாமா என்ற கேள்வி கேம்பிரிட்ஜை நெடுநாள் உறுத்தியது.

இவையெல்லாம் மாணவர்களின் கதை. பிராக்டரின் ரோந்துக்கு இன்னொரு இலக்கும் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள, சந்தையிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தெருவுக்குப் போக வேண்டும்.

1561-ல் முதலாம் எலிசபெத் ராணி பல்கலைக்கழகத்துக்கு ஒரு சாசனம் கொடுத்தார். ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இரவு பகல் எந்நேரமும் தேடி, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சந்தேகிக்கப்படும் பெண்களைப் பிடித்துத் தண்டிக்கலாம் என்றது அது. ரோமன் எழுத்தில் எழுதப்பட்டாலும் நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை: பையன் கெட்டுப்போகாமல் இருக்க, பெண்ணை உள்ளே வை.

வைப்பதற்கு ஓர் இடமும் அமைந்தது. தாமஸ் ஹாப்ஸன் என்ற வண்டிக்காரர் கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே சரக்கும் ஆளும் ஏற்றியவர். குதிரைகளை வாடகைக்கும் விட்டார். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் நடக்கலாம். 'ஹாப்ஸன் சாய்ஸ்' என்ற பிரயோகம் இவர் புண்ணியம். ஏழைகளுக்கு நூல் நூற்கும் வேலை தரும் இல்லம் கட்டுவதற்காக அவர் 1628-ல் நிலம் கொடுத்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த 'ஸ்பின்னிங் ஹவுஸ்' நாளடைவில் பல்கலைக்கழகத்தின் பெண்கள் சிறையாகிவிட்டது. வண்டிக்காரரின் குதிரைகளைவிட மோசமான தேர்வு அங்கே போனவர்களுக்கு.

நடைமுறை எளிது. தெருவில் மாணவருடன் பேசிக்கொண்டு போகும் பெண்ணைப் பிராக்டர் சந்தேகித்தால் போதும். புல்டாக்குகள் பிடித்துக்கொண்டு வருவார்கள். துணைவேந்தர் அந்தச் சிறைக் கட்டடத்துக்குள்ளேயே விசாரிப்பார். வக்கீல் கிடையாது, பத்திரிகைக்காரர் கிடையாது, சாட்சிக்குச் சத்தியப்பிரமாணம் கிடையாது. சில நாள், சில வாரம் என்று தண்டனை. உடன் வந்த மாணவர் அந்தச் சிறைக்குப் போகமாட்டார். தையல்காரிகள், வேலைக்காரிகள், வேலையில்லாதவர்கள், பிழைப்புக்காக உடலை விற்றவர்கள் என்று எல்லோரையும் அந்தக் கதவு ஒன்றாகவே விழுங்கியது. 1823-லிருந்து 1894 வரைக்கும் 5,000-க்கும் மேற்பட்ட கைதுகள். ஊரின் அளவை நினைத்தால், சாதாரணக் குடும்பங்களில் அந்தக் கட்டடத்தின் பெயரைக் கேட்டு நடுங்காதவை குறைவாகத்தான் இருந்திருக்கும்.

1846-ல் எலிசபெத் ஹோ என்ற இளம்பெண்ணை ஒரு குளிர்கால இரவில் பிடித்து அடைத்தார்கள். படுக்கை ஈரம். வெளியே வந்தவள் காய்ச்சலில் படுத்து இறந்துபோனாள். மரண விசாரணை ஜூரிகள் அந்தச் சிறையையும் அதன் பின்னாலிருந்த சட்டத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். கண்டனம் பதிவானது, சிறை தொடர்ந்தது.

1856-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே பழைய கணக்குகளைத் தீர்த்தது. மேயரின் உறுதிமொழி போயிற்று. எடைக்கற்களும் அளவைகளும் சந்தையும் பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போயின. வெண்ணெய் அளவுகோல் அன்றுமுதல் வெறும் காட்சிப்பொருள். பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட அதிகாரங்களில் ஒன்று, தெருவில் போகும் பெண்ணைப் பிடிப்பது.

நான்கே ஆண்டுகளில் அதற்கும் சோதனை வந்தது. 1860 பிப்ரவரியில், பக்கத்துக் கிராமத்தில் ஒரு விருந்துக்குப் போக மாணவர்களும் சில இளம்பெண்களும் குதிரைகள் பூட்டிய ஆம்னிபஸ்ஸில் ஏறினார்கள். பிராக்டர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெண்கள் ஸ்பின்னிங் ஹவுஸுக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி எம்மா கெம்ப். வெளியே வந்தபின் துணைவேந்தர் மீதே வழக்குத் தொடுத்தாள். நடந்த விசாரணை போதாது என்று ஜூரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1861-ல் நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு வேறு: துணைவேந்தர் அங்கே நீதிபதியாகச் செயல்பட்டார், நீதிபதி தவறு செய்தால் அவர் மீது வழக்குப் போட முடியாது. இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் நீண்ட காலம் மேற்கோள் காட்டினார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, ஒரே வருடத்தில், பதினேழு வயதுப் பெண்கள் இருவர் அந்தக் கட்டடத்தை அசைத்தார்கள். 1891 தொடக்கத்தில் ஜேன் எல்ஸ்டன் பிடிபட்டாள், தப்பியோடினாள், மீண்டும் பிடிபட்டாள். லண்டன் பத்திரிகைகள் இந்தச் சிறையைக் கண்டுபிடித்தன. உள்துறை அமைச்சர் தலையிட்ட பிறகு அவள் வெளியே வந்தாள். அந்த டிசம்பரில் டெய்ஸி ஹாப்கின்ஸுக்குப் பதினான்கு நாள் தண்டனை. குற்றச்சாட்டு, பல்கலைக்கழக உறுப்பினர் ஒருவருடன் நடந்து சென்றது. வழக்கு லண்டனில் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் காகிதங்களைப் பார்த்தார். மாணவருடன் நடப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லையே? விடுதலை. பல நூற்றாண்டுகளாகப் பேராசிரியர்கள் கண்ணில் படாத ஓட்டை அது.

டெய்ஸி அதோடு விடவில்லை. தன்னைப் பிடித்த பிராக்டர் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். 1892-ல் நடந்த அந்த வழக்கில் அவளுடைய நடத்தைதான் விசாரணைக்கு வந்தது. தோற்றாள். ஆனால் பல்கலைக்கழகமும் களைத்துப்போயிருந்தது. 1894-ல் வந்த சட்டம் பெண்களைப் பிடிக்கும் அதிகாரத்தை ஒழித்தது. 1901-ல் ஸ்பின்னிங் ஹவுஸை இடித்துவிட்டு அதே இடத்தில் போலீஸ் ஸ்டேஷன் கட்டினார்கள். பின்னாளில் அது நகரசபை அலுவலகமானது. ஹாப்ஸனின் பெயர் அந்தக் கட்டடத்துக்கு நிலைத்துவிட்டது. எலிசபெத் ஹோவின் பெயரைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தில் ஊரின் இன்னொரு மூலையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869-லும் நியூன்ஹம் 1871-லும் தொடங்கின. பெண்கள் வகுப்புக்கு வந்தார்கள், பரீட்சை எழுதினார்கள், ஆண்களை முந்தவும் செய்தார்கள். பட்டம் மட்டும் கிடையாது. 1897 மே மாதம் அதற்கான தீர்மானம் செனட் ஹவுஸில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிரே ஒரு கடையின் மேல்மாடியிலிருந்து சைக்கிளில் உட்கார்ந்த பெண் பொம்மையைத் தொங்கவிட்டார்கள். தீர்மானம் படுதோல்வி. கூடியிருந்த மாணவர்கள் பொம்மையைக் கிழித்துக் கொண்டாடினார்கள். முழுப் பட்டம் 1948-ல்தான் வந்தது. ஆக, இந்தப் பல்கலைக்கழகம் பெண்களைச் சிறையில் அடைக்க 1561 முதல் அதிகாரம் பெற்றிருந்தது; அவர்களுக்குப் பட்டம் கொடுக்க 387 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1975-ல் ரோஸ்மேரி முர்ரே முதல் பெண் துணைவேந்தரானார். வெள்ளித் தடிகள் அவருக்கு முன்னாலும் அதே மாதிரிதான் போயின.

பிராக்டர் என்ற பதவியைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது வெண்ணெய் அளவுகோல் வரவில்லை. ராத்திரி ரோந்து வந்தது. 2017 செப்டம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், வளாகத்துக்குள் மாணவி ஒருவர் சீண்டப்பட்டதையும், புகாரை நிர்வாகம் கையாண்ட விதத்தையும் எதிர்த்து மாணவிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். தடியடி நடந்தது. தலைமை பிராக்டர் பதவி விலகினார். அதன் பிறகே அந்தப் பதவிக்கு முதன்முறையாக ஒரு பெண் வந்தார்.

கேம்பிரிட்ஜில் இன்றைய பிராக்டர்களின் வேலை அமைதியானது. பட்டமளிப்பு நாட்களில் சடங்குகளை நடத்தித் தருகிறார்கள். தேர்வு ஒழுங்கைக் கவனிக்கிறார்கள். சர்ச்சைக்குரிய பேச்சாளர் வந்தால் கூட்டம் தடைபடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கலகக்காரரின் உரிமத்தைப் பறித்தவர்களின் வாரிசுகள் பேச்சுரிமைக்குக் காவல் நிற்பது முன்னேற்றம்தான். கட்டியக்காரர்களுக்குத் தடியைத் தூக்குவது தவிர அதிகம் கவலை இல்லை.

ஊருக்கு மேற்கே, ஆற்றைக் கடந்தால் 1934-ல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக நூலகம். நடுவில் உயரமான செங்கல் கோபுரம். பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. பட்டம் பெற்றவர்களின் பதிவேடுகள், 1381 தீயிலிருந்து பாடம் கற்றுப் பத்திரப்படுத்திய சாசனங்கள் ஆகியவற்றோடு ஸ்பின்னிங் ஹவுஸின் கைதிப் பதிவேடுகளும் இருக்கின்றன. எழுத்து தெளிவான கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண்ணின் பெயர், வயது, சொந்த ஊர், எத்தனை நாள் தண்டனை.